செசியில் வைத்த பொட்டு

அத்தியாயம் ஏழு

சோலைமலையின் வாய் சும்மா இருக்காது. அந்த வாயால்தான் அவனுக்கு பஸ் கண்டக்டர் வேலை போயிற்று. அந்த வாய்க்காகவேதான் துப்பறிவாளர் மரியநாயகம் அவனை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். யோசிக்கும்போது பக்கத்தில் ஏதாவது சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், ரேடியோ வாங்கத் தமக்கு வசதியில்லை என்று அவர் காரணம் சொல்லுவார். ஹற்றன் கடைவீதியில் ரொட்டிக் கடைக்கு மேலே ஒரே அறைதான் அவர்களுடைய ஆபீஸ். காலையில் பாண் வாசனை வரும், மாலையில் கடன்காரன் வருவான். துப்புக் கேட்டு வருகிறவர்கள்தான் அபூர்வம்.

அன்றைக்கு நுவரெலியா போகும் பஸ்ஸில் அந்த வாய் கொஞ்சம் அடங்கியே இருந்தது. லிந்துலையில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்த பூரணிதான் அதற்குக் காரணம். கொழுந்து பறிக்கும் கை, மடியில் சின்னத் துணிப்பை, நெற்றியில் அகலமான பொட்டு. அந்தப் பொட்டைப் பார்த்துத் தோட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் காறித் துப்பினார்கள்.

கதை இதுதான். பூரணியின் புருஷன் அழகுமுத்து தோட்டத்து லொறி டிரைவர். முந்தின வருஷ மழைக்காலத்தில் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு உரம் ஏற்றப் போனவன் திரும்பவேயில்லை, லொறியும் திரும்பவில்லை. அவனோடு போன கிளீனர் மூக்கன் மட்டும் மறுநாள் வந்து, தனக்குக் காய்ச்சல் என்று பாதியில் இறங்கிவிட்டதாகவும், லொறியை விற்றுவிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போகப்போவதாக அழகுமுத்து அண்ணன் சொன்னதாகவும் தோட்டத்துத் துரையிடம் சொன்னான். சொன்ன கையோடு மூக்கனும் கண்டிப் பக்கம் வேலை கிடைத்தது என்று போய்விட்டான். அன்றிலிருந்து பூரணி கள்ளன் பெண்டாட்டி. பிள்ளைகள் இரண்டும் கள்ளன் பிள்ளைகள். குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி செய் என்று இந்த மாதம் உத்தரவும் வந்துவிட்டது.

"எம் புருசன் களவெடுக்கலன்னு நீங்க காட்டணுங்கய்யா. அது போதும்," என்று சொல்லித்தான் அவள் ரொட்டிக் கடை மாடிப்படி ஏறி வந்திருந்தாள்.

வெகு நாளாக ஒரு துரும்பும் கிடைக்கவில்லை. போன வாரம்தான் கிடைத்தது. பூரணியின் சித்தப்பா மகன் நுவரெலியா மரக்கறிச் சந்தைக்கு லீக்ஸ் கட்டுச் சுமந்துகொண்டு போனபோது ஒரு நீல லொறியைக் கண்டிருக்கிறான். தோட்டத்து லொறி பச்சை. இது நீலம்; நம்பர் பிளேட்டும் வேறு. ஆனால் இடது பக்கக் கதவைச் சாத்தும்போது டிரைவர் அதைச் சற்றே தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்துச் சாத்தினானாம். அழகுமுத்துவின் லொறிக் கதவுக்கும் அதே வியாதி. லொறி சின்னராசா என்ற முதலாளியின் கராஜுக்குள் போனது வரை பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"கதவு நொண்டுறத வச்சு கோர்ட்டுக்குப் போக முடியாது," என்றார் மரியநாயகம் இப்போது பஸ்ஸில். லொறிக்கு எண் மூன்று இடத்தில் இருக்கும் என்று அவர் பூரணிக்கு விளக்கினார். வெளியே மாட்டியிருக்கும் பிளேட் சட்டை மாதிரி, நினைத்தால் மாற்றலாம். எஞ்சினில் இருக்கும் எண் பல்செட் மாதிரி, ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை வைத்தால் எண்ணும் கூடவே மாறிவிடும். மூன்றாவதுதான் முக்கியம். லொறியின் முதுகெலும்பான செசி இரும்பிலே, அது பிறந்த பட்டறையிலேயே உளியால் அடித்துவிடுகிறார்கள். அது உடம்போடு வந்த மச்சம்.

"மச்சம் எப்பவும் பாக்க முடியாத எடத்துலதான் இருக்கும்," என்றான் சோலைமலை. பூரணி இருப்பது ஞாபகம் வந்து உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த எண் என்னவென்று யாருக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல். தோட்டத்து ஆபீஸில் எஞ்சின் எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். பொலீஸும் அதையே வைத்துக்கொண்டு ஒரு வருஷமாகச் சும்மா தேடியது. மரியநாயகம் இதைச் சொல்லி முடிக்கவில்லை, பூரணி கண்ணை மூடிக்கொண்டு, சாமி பேர் சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள்:

"கே, நாலு, ரெண்டு, ஏழு, அஞ்சு, ஒம்பது."

மரியநாயகம் சிகரெட்டைப் பற்றவைக்க மறந்தார்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு அழகுமுத்து லொறியை மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி அர்ச்சனை செய்வான். பேர் என்ன, நட்சத்திரம் என்ன என்று பூசாரி கேட்பார். மனுஷனுக்குத்தான் நட்சத்திரம், இதற்கு இதுதான் என்று செசி எண்ணைச் சொல்லுவான். முதல் வருஷம் பூசாரி முறைத்தார், கூட்டம் சிரித்தது. அப்புறம் பழகிவிட்டது. முன்னால் வரும் 'கே' என்னவென்று பூரணி ஒருநாள் கேட்டதற்கு, அது அதனுடைய குடும்பப் பேர், அந்த வகை லொறிக்கெல்லாம் அதுதான் வரும், மிச்சம்தான் இவளுடைய சொந்தப் பேர் என்றானாம். 'இவள்' என்றுதான் சொல்லுவான். பூரணிக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

"எனக்கும் இனிஷியல் இருக்கு, ஒருத்தரும் அர்ச்சன பண்ணல," என்றான் சோலைமலை. பூரணி முதல் தடவையாகச் சிரித்தாள். சோலைமலை அந்த எண்ணை மனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பத்து வருஷம் டிக்கெட் எண்களோடு மாரடித்தவன். ஓர் எண் காதில் விழுந்தால் அவனுக்கு மறக்காது.

சிரித்தவள் தொடர்ந்து பேசினாள். அர்ச்சனை முடிந்ததும் அழகுமுத்து லொறிக்கு அடியில் படுத்து, அந்த எண்ணின் மேலேயே சந்தனமும் எண்ணெயில் குழைத்த குங்குமமும் வைப்பான். பானட்டில் வைக்கிற பொட்டு ஊருக்கு, இது இவளுக்கு என்பான். பழைய பொட்டைத் துடைக்கவே மாட்டான். பொட்டைத் துடைப்பது என்ன வழக்கம், எந்த வீட்டில் துடைப்பார்கள் என்று கோபித்துக்கொள்வான். அதனால் வருஷா வருஷம் அதன் மேலேயே இன்னொன்று ஏறும்.

"மாடு விக்கிறவன் மாட்டத்தான் குடுப்பான், கயித்தக் குடுக்க மாட்டான்லங்கய்யா? அது மாதிரி, தோட்டம் இந்த லொறிய எப்பவாச்சும் வித்தா, அன்னைக்கு அந்தப் பொட்ட மட்டும் சுரண்டி வீட்டுக்கு எடுத்தாந்துருவேன்னு சொல்லுவாரு."

மரியநாயகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நுவரெலியாவில் நின்றபோதுதான் கண்ணை எடுத்தார்.

கராஜ் சந்தைக்குப் பின்னால், சரிவில் இருந்தது. மரியநாயகம் பூண்டுலோயாவில் கோவா மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் மாரிமுத்துவாகி, ஒரு லொறி வாங்க வேண்டும் என்று போய் நின்றார். ஞானஸ்நானம் இல்லாமலே பேர் மாறிவிட்டது என்று சோலைமலை காதோடு சொன்னான். அவன் டிரைவர், பூரணி தங்கை, கைராசிக்காரி, அவள் தொட்டுப் பார்க்காமல் வீட்டில் ஒரு கோழிகூட வாங்குவதில்லை என்று ஏற்பாடு.

சின்னராசா முதலாளி தடித்த கம்பளிக் கோட்டு போட்ட, நல்ல சிரிப்புள்ள மனிதர். பிளேன்டீ வரவழைத்தார். நீல லொறியை விற்கும் எண்ணமில்லை என்றார். விலையைக் கேட்டதும் எண்ணம் வந்தது. கொழும்பில் வாங்கிய லொறி, கை சுத்தம் என்று தாமாகவே பானட்டைத் திறந்து எஞ்சின் எண்ணைக் காட்டினார். தோட்டத்து எண் அல்ல. கபின் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த தகட்டையும் காட்டினார். அதிலும் வேறு எண். மரியநாயகம் இரண்டையும் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"செசியிலயும் அடிச்சிருப்பாங்களே?" என்றார், போகிற போக்கில்.

இந்த வகைக்கு அது கிடையாது, பட்டறையில் தேடிப் பார்த்தாயிற்று என்றார் முதலாளி. அந்த நேரம் வாசலில் ஒரு லொறி ஹார்ன் அடித்தது. கரட் மூட்டை நிறுக்க வேண்டும், அஞ்சு நிமிஷம், வண்டியை நன்றாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இலையைத் தைரியமாக விட்டுவிட்டுப் போகத் தெரியும்.

அவர் தலை மறைந்ததும் மரியநாயகம் கோட்டைக் கழற்றி பூரணியிடம் கொடுத்துவிட்டு லொறிக்கு அடியில் புகுந்தார். முன் சக்கரத்துக்குப் பின்னால், வலது பக்கச் சட்டம். வெளியே தெரிந்தது அவருடைய சப்பாத்து இரண்டும்தான்.

"ஐயா, ஏதும் தெரியுதா?"

"சேறு," என்றது குரல். கொஞ்சம் கழித்து, "சேறு மாதிரி," என்று திருத்திக்கொண்டது. மண்ணெண்ணெயும் துணியும் வேண்டும் என்றது.

கராஜின் கோடியில் ஓர் ஆள் தகரத் தட்டில் எதையோ போட்டுக் கழுவிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வந்ததிலிருந்து அவன் திரும்பவேயில்லை. சோலைமலை அவனிடம் போய், எங்கள் முதலாளிக்குக் கையில் கிரீஸ் பட்டுவிட்டது, கொஞ்சம் மண்ணெண்ணெய் கொடுங்கள் என்றான். அவன் திரும்பாமலே டின்னையும் கந்தலையும் பின்னால் நீட்டினான்.

"அழுத்தித் தேய்க்காதீங்க," என்று முணுமுணுத்தான்.

"ஏன், கைக்கு வலிக்குமா?" என்று கேட்டுவிட்டு சோலைமலை வந்துவிட்டான். தன் பேச்சைத் தானே ரசிக்கிற ஆளுக்கு அடுத்தவன் பேச்சு காதில் ஏறக் கொஞ்சம் நேரமாகும்.

மண்ணெண்ணெய் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. சந்தனம். அது பூரணிக்கும் எட்டியிருக்க வேண்டும். அவள் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு லொறிக்கு அருகில் வந்து குனிந்தாள்.

"தேடுனவன் இதத் தொட்டுப் பாக்கல. காஞ்ச சேறுன்னு விட்டுட்டான்," என்றார் அடியிலிருந்து மரியநாயகம். அடுக்கடுக்காக வருகிறது, சந்தனம், எண்ணெய், மறுபடி சந்தனம் என்றார். பிறகு இரும்பைத் துடைக்கும் சத்தம்.

"வாசிக்கிறேன் பூரணி. சரியான்னு சொல்லு. கே."

"ஆமாங்க."

"நாலு. ரெண்டு."

"ஆமாங்க." அவள் குரல் வேகமாக வந்தது.

"ஏழு. அஞ்சு."

இந்தத் தடவை பதில் கொஞ்சம் தாமதித்து வந்தது. சோலைமலை அவள் முகத்தைப் பார்த்தான். புருஷன் களவெடுக்கவில்லை என்று நிரூபணமாகப் போகிறவள் முகம் மலர வேண்டும். அது வெளுத்துக்கொண்டு வந்தது.

"ஒம்பது," என்றார் மரியநாயகம்.

அவள் கோட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கடைசி எண் ஒம்பது. பூரணி?"

"இல்லீங்கய்யா. எங்க லொறிக்கு மூணு. இது வேற லொறிங்க. நாம போயிருவோம்."

சோலைமலைக்குத் தெரியும், அவள் பொய் சொல்கிறாள். பஸ்ஸில் ஒன்பது என்றுதான் சொன்னாள். ஏன் என்று கேட்க வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விற்றவன் கயிற்றைக் கொடுக்க மாட்டான். பொட்டு செசியிலேயே இருக்கிறது. அப்படியானால் அழகுமுத்து இந்த லொறியை யாருக்கும் விற்கவில்லை, களவெடுக்கவுமில்லை. கப்பலும் இல்லை, இந்தியாவும் இல்லை. லொறி இங்கே நிற்கிறது, அதை விற்றுவிட்டுப் போனதாகச் சொன்ன மனிதன் எங்கும் போகவில்லை. அந்த ஒன்பதை மூன்றாக்கிவிட்டால் அவன் இன்னும் ஏதோ ஒரு கரையில் கள்ளனாக, நன்றி கெட்டவனாக, உயிரோடு இருப்பான்.

சோலைமலை திறந்த வாயை மூடிக்கொண்டான். அப்படிப்பட்ட கணக்கைத் திருத்த அவனுக்கு மனம் வரவில்லை.

மரியநாயகம் வெளியே ஊர்ந்து வந்து எழுந்தார். சட்டையெல்லாம் அழுக்கு. பூரணியை நேராகப் பார்க்காமல் வலது கைப் பெருவிரலை மட்டும் நீட்டினார். அதில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

"உள்ள இருந்ததெல்லாம் காஞ்சு கல்லாயிருந்துச்சு. மேல இருந்தது மட்டும் இன்னும் ஈரம். இந்த ஆயுத பூசைக்கு வச்ச குங்குமம்."

ஆயுத பூசை போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பூரணி அந்த விரலைப் பார்த்தாள். கோட்டு அவள் கையிலிருந்து விழுந்தது. மரியநாயகத்தின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விரலை மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"அவருதாங்கய்யா. அந்த எடம் அவருக்கு மட்டுந்தான் தெரியும். இருக்காருங்க, இங்கனதான் இருக்காரு." மூச்சு வாங்கியது. "ஒம்பதுங்கய்யா, ஒம்பதுதான். நாந்தான் பயந்து மாத்திச் சொல்லிட்டேன். கே, நாலு, ரெண்டு, ஏழு, அஞ்சு, ஒம்பது."

சோலைமலைக்கு மரியநாயகத்தின் மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. உண்மையை வாங்குவதற்காக ஒரு பெண்ணிடம் நம்பிக்கையைத் தூண்டில் புழுவாகப் போட்டாரா? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவரும் அந்தச் சிவப்பை நம்பத்தான் ஆசைப்பட்டுக்கொண்டு நின்றார்.

அவள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளைகள் அப்பாவைக் கண்டால் அடையாளம் தெரியுமோ என்னவோ என்றாள். சின்னவள் அப்போது பேசவே ஆரம்பிக்கவில்லை என்றாள். கேட்டுக்கொண்டிருந்த சோலைமலையின் கையில் கந்தல் துணி இருந்தது. அதைப் பார்த்தான். அப்போதுதான் அந்த முணுமுணுப்பு அவன் காதில் முழுசாக ஏறியது. அழுத்தித் தேய்க்காதீங்க.

கையில் கிரீஸ் என்றுதானே கேட்டான்? கையைத் துடைக்கிறவனிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? எதைத் துடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவன்தான் சொல்லுவான். அங்கே ஒரு பொட்டு இருக்கிறது என்று தெரிந்தவன்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. இவளைச் சிரித்தபடியே லிந்துலைக்குக் கூட்டிப்போய் விட்டுவிடலாம். வாய் நிறையப் பேசுகிறவன் ஒரே ஒரு சொல்லை விழுங்கினால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் மரியநாயகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு அவன் பேசாவிட்டால்தான் சந்தேகம் வரும்.

"ஐயா," என்றான் மெதுவாக. "அந்த எடம் இன்னொருத்தனுக்கும் தெரியும்." நடந்ததைச் சொன்னான். சொல்லும்போது பூரணியின் பக்கம் பார்க்கவில்லை.

மரியநாயகம் கோடிக்குத் திரும்பி, சாதாரணக் குரலில், "மூக்கா," என்று கூப்பிட்டார்.

முதுகு நிமிர்ந்தது. ஆள் எழுந்தான். நாற்பது வயதிருக்கும், கண்டியிலே வேலை என்று போன கிளீனர் மூக்கன்தான். நெற்றி ஓரம் நரைத்திருந்தது. பூரணி அவனைக் கண்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"மூக்கா, அண்ணன் எங்கடா? ஒங்கூடத்தான் இருக்காரா?"

அவன் அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் பிடித்திருந்த கை மட்டும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மெல்ல அதை விட்டாள்.

மூக்கன் சொன்னது நீளமில்லை. தலவாக்கலையில் உரம் ஏற்றிக்கொண்டு வரும்போது மழை. மேட்டு வளைவுக்கு முன்னால் அழகுமுத்து லொறியை நிறுத்தி, எத்தனை நாளைக்கு நீ கட்டை போடுவாய், இன்றைக்கு நீ ஓட்டு என்று சொல்லி ஸ்டியரிங்கைக் கொடுத்தான். லைசன்ஸ் இல்லை என்று மூக்கன் சொன்னதற்கு, ஓட்டிப் பழகினால்தானே அது வரும் என்று சிரித்தான். மலை ஏற்றத்தில் லொறி திணறினால் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்கு அடைகட்டை போடுவது கிளீனரின் வேலை. அன்றைக்கு அதை டிரைவர் எடுத்துக்கொண்டான். கட்டையோடு பின்னால் தொற்றி நின்றான். வளைவில் எஞ்சின் நின்றது. பிரேக்கை மிதித்தும் லொறி பின்னால் வழுக்கியது. அழகுமுத்து குதித்துக் கட்டையைப் போட்டான். ஈரத்தில் கட்டையும் நிற்கவில்லை, அவனும் நிற்கவில்லை.

பின்னால் தன் லொறியில் வந்தவர் சின்னராசா முதலாளி. செத்தவனை எழுப்ப முடியாது, லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிக் கொன்றாய் என்று உன்னைத் தூக்கில் போடுவார்கள் என்றார். ரோட்டுக்குக் கீழே மானாப் புல் சரிவில் இரண்டு பேருமாகக் குழி தோண்டினார்கள். லொறி கராஜுக்கு வந்தது. எஞ்சின் மாறியது, தகடு மாறியது, நிறம் மாறியது. தோட்டத்தில் போய் என்ன சொல்ல வேண்டும் என்றும் முதலாளியே சொல்லிக் கொடுத்தார். செசியில் எண் இருந்தால் ராவிவிடு என்று ஓர் அரத்தையும் கொடுத்தார். இந்த வகைக்கு அது கிடையாது என்று மூக்கன் சொல்லிவிட்டான். அந்தப் பொட்டின் மேல் அரம் வைக்க அவனுக்குக் கை வரவில்லை.

"வருசா வருசம் அண்ணன் வைக்கிறத நான் வச்சேன் மதினி. என்னால வேற என்ன செய்ய முடியும்."

பூரணி நின்ற இடத்திலேயே நின்றாள். கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொண்டு அழுதிருந்தால் சோலைமலைக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"லொறிக்குப் பொட்டு வச்ச," என்றாள் கடைசியில். "அவரு கெடக்குற எடத்துல ஒரு வெளக்காவது வச்சியாடா?"

மூக்கன் தலையைத் தூக்காமலே ஆட்டினான். இல்லை. வாரத்துக்கு மூன்று தடவை அந்த வளைவைத் தாண்டிப் போகிறான். இறங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று பயம்.

கரட் நிறுத்துவிட்டு சின்னராசா முதலாளி அதே நல்ல சிரிப்போடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், மரியநாயகம் சொல்லிவைத்தபடி எதிர்க்கடையில் காலையிலிருந்தே அவர் செலவில் டீ குடித்துக்கொண்டிருந்த பொலீஸ் சார்ஜனும் ஒரு கான்ஸ்டபிள் ரால்ஹாமியும் வந்தார்கள். மரியநாயகம் சிங்களத்தில் இரண்டு வசனம் பேசினார், லொறிக்கு அடியில் டோர்ச் அடித்துக் காட்டினார். முதலாளி முதலில் சிரித்தார், பிறகு கொழும்பில் வாங்கிய லொறி என்றார், பிறகு மூக்கனைக் கண்டார். விலங்கு மாட்டும்போது மூக்கன் இரண்டு கையையும் தானாகவே சேர்த்து நீட்டினான். வளைவைத் தானே வந்து காட்டுவதாகச் சொன்னான்.

அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகு, வாசலில் பனி இறங்கத் தொடங்கியது. பூரணி மரக்கறிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். சோலைமலை இன்னொரு பிளேன்டீ வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அவனுக்குத் தெரிந்த பேச்சில் ஒன்றுகூட இந்த இடத்துக்கு உதவவில்லை.

மரியநாயகம் அவள் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். வேலையை முடித்துக் கொடுத்தவன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நாளைக்கே துரையைத் தாம் பார்ப்பதாகவும், காம்பரா உத்தரவைத் திரும்ப வாங்க வைப்பதாகவும், காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா வாயாலேயே அழகுமுத்து குற்றமற்றவன் என்று சொல்ல வைப்பதாகவும் சொன்னார்.

"இனி ஒம் புருசன ஒருத்தரும் கள்ளன்னு சொல்ல மாட்டாங்க, பூரணி. நீ கேட்டது அதானே."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். கேட்டதைக் கேட்டபடியே கொண்டுவந்து கொடுத்துவிட்ட மனிதரிடம் என்னவென்று கோபிப்பது?

"ஆமாங்கய்யா," என்றாள். "நாந்தான் கேட்டேன். ஆனா கள்ளன்னு அவங்க சொன்ன வரைக்கும் அவரு இருந்தாருங்க."

சோலைமலை எழுந்துபோய் வாசலில் நின்றான். லிந்துலைக்குப் போகும் பஸ் சந்தைப் பக்கம் ஏறி வந்துகொண்டிருந்தது. கைகாட்டி நிறுத்தினான். கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டபோது அவன் மூன்று விரலைத்தான் காட்டினான்.